நாட் விமான மாதிரித் தொகுப்புகள் – ஓர் ஒப்பீடு

நாட், பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்த சிறிய போர் விமானம். பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று இதனை இந்தியாவில் தயாரித்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்பரப்பில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியது இவ்விமானமே. பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவருடைய 18ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆகவே, தமிழ்நாட்டு மாதிரி விமான ஆர்வலர்கள் நாட் விமானத்தை விரும்பித் தேடுவது இயல்பு. ஆனால் பெட்டியின் மேல் ‘நாட்’ என்றிருப்பதெல்லாம் செகோன் ஓட்டிய நாட் அல்ல.

ஏர்ஃபிக்ஸ் நாட் டி.1 (1/72)

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட இத்தொகுப்பு, ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பயன்படுத்திய இருவர் அமரும் பயிற்சி விமானம். வண்ணம், தூரிகை, பசையுடன் தொடக்கநிலையினருக்கான பெட்டியாகவும் விற்கப்பட்டது. சிவப்பு ரெட் ஆரோஸ் விமானம் செய்ய இது நல்ல தேர்வு. இந்திய நாட் செய்ய இது உதவாது. இந்திய விமானப்படை டி.1 வகையைப் பயன்படுத்தவில்லை.

வேறுபாடு விமானி அறையோடு நிற்பதில்லை. ஒருவர் அமரும் நாட்டின் நீளம் 8.74 மீட்டர், இறக்கை அகலம் 6.73 மீட்டர். டி.1 வகையில் இவை முறையே 9.68, 7.32 மீட்டர். 1/72 அளவில் நீளத்தில் மட்டும் 13 மில்லிமீட்டர் கூடுகிறது. காற்று உள்வாங்கும் வாய்களின் ஓரத்திலுள்ள இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் டி.1இல் இல்லை. உடலை அறுத்து, இறக்கையைக் குறுக்கி, முதுகை மாற்றிச் செதுக்கினால் பழைய பாகம் என்று மிஞ்சுவது குறைவு.

ஸ்பெஷல் ஹாபி தொகுப்புகள் (1/72)

செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி, ஒருவர் அமரும் வகையில் நாட் எஃப்.ஆர்.1, அஜித் ஆகியவற்றை வெளியிட்டுள்ளது. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் இவ்வகைத் தொகுப்புகளில் பாகங்களை இணைக்கும் முளைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பிசிறு நீக்கி, ஒட்டும் முன் பொருத்திப் பார்த்து, இடைவெளியை மக்கு வைத்து நிரப்ப வேண்டும். பழகிய கைக்கு இது தடையன்று.

இங்கும் கவனம் தேவை. எஃப்.ஆர்.1 என்பது மூக்கில் கேமரா பொருத்திய ஃபின்லாந்து உளவு விமானம். அஜித், எச்.ஏ.எல். நாட்டை மேம்படுத்தி உருவாக்கிய விமானம். இறக்கைக்குள்ளேயே எரிபொருள் கொள்வது. அது முதலில் பறந்த ஆண்டு 1975. அஜித் பெட்டியிலுள்ள இந்தியச் சின்னங்களை ஒட்டிவிட்டு 1971 போர் விமானம் என்று காட்சிக்கு வைப்பது வரலாற்றுப் பிழை.

மதிப்பீடு

பாகங்கள் எளிதாகப் பொருந்துவதில் ஏர்ஃபிக்ஸ் முந்துகிறது. இந்திய நாட்டுக்கு நெருங்கிய உருவத்தைத் தருவதில் ஸ்பெஷல் ஹாபி முந்துகிறது. அஜித் செய்வோருக்கு அதன் பெட்டியே போதும். செகோனின் நாட் செய்வோர் எஃப்.ஆர்.1 பெட்டியை வாங்கி, மூக்கைத் திருத்தி, இந்தியச் சின்னங்களைத் தனியே தேட வேண்டும். தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள நாட்டின் படங்கள் இதற்கு உதவும். வேலை கூடுதல்தான், ஆனால் மாதிரியின் அடியில் எழுதும் பெயர் பொய்யாகாது.