100 வாட்டில் 2 வாட்: பாலைவனம் போகும் வண்டிக்கு எந்த ஆன்டெனா?

ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். நடுவில் செல்போன் கோபுரம் கிடையாது. கூட வரும் வண்டிகளோடு பேச 477 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் சிபி ரேடியோ போதும். ஆனால் அதன் 5 வாட் சக்தி கிட்டத்தட்டக் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். இடையில் மணல்மேடுகள் வந்தால் அதுவும் குறையும். பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பேர்ட்ஸ்வில்லிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுமார் 600 கிலோமீட்டர், அடிலெய்ட் சுமார் 1,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குக் குரலைக் கொண்டுபோவது, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எச்எஃப் அலைதான்.

இந்த நாட்டின் உள்பகுதிக்கு எச்எஃப் புதிதல்ல. 1928இல் கிளான்கரியில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. மறு ஆண்டே, காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ஆல்ஃபிரட் டிரேகரின் ரேடியோ பண்ணை வீடுகளுக்கு வந்துவிட்டது. இன்று விகேஎஸ்-737 என்ற வலையமைப்பின் தளங்கள் பயணிகளின் அழைப்புக்காகக் காத்திருக்கின்றன. சாட்டிலைட் போன் வந்த பிறகும் எச்எஃப் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: போன் ஒருவரைத்தான் கூப்பிடும், எச்எஃப்பில் ஒருமுறை பேசினால் அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோர் காதிலும் விழும். தொலைவான தடங்களில் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

ரேடியோ வாங்கும்போது எல்லோரும் பெட்டியைத்தான் ஆராய்கிறார்கள். கோடான், பாரெட் போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் வண்டி ரேடியோக்கள் பெரும்பாலும் 100 முதல் 125 வாட் வரை தருபவை. பெட்டிக்குப் பெட்டி பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுவதும் ஆன்டெனாவிலும், அது வண்டியில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதிலும் இருக்கிறது. அதனால் மூன்று வகை ஆன்டெனாக்களை ஒரே வண்டியில், ஒரே ரேடியோவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கணக்கு

கால் அலை ஆன்டெனாவின் நீளம் எத்தனை மீட்டர் என்று அறிய, 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 14.977 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர். 8.022க்கு 9.3 மீட்டர். 5.455க்கு 13.7 மீட்டர். 3.995க்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர். ஓடும் வண்டியில் இரண்டரை மீட்டருக்கு மேல் கம்பியை நிறுத்துவது கடினம். குறைகிற நீளத்தைக் காயில் போட்டு ஈடுகட்டுகிறோம்.

காயிலால் அதிர்வெண்ணை ஒத்திசைக்க முடியும். குட்டைக் கம்பியை நெட்டைக் கம்பி ஆக்க முடியாது. 4 மெகாஹெர்ட்ஸில் 2.4 மீட்டர் கம்பியின் கதிர்வீச்சுத் தடை வெறும் 0.4 ஓம். அதை ஒத்திசைக்கும் நல்ல காயிலில் மட்டும் சுமார் 8 ஓம் இழப்பு. வண்டியின் உடலும் அடியில் உள்ள மண்ணும் சேர்ந்து தரும் எர்த் இழப்பை 10 ஓம் என்று வையுங்கள். ரேடியோ தரும் 100 வாட்டில் காற்றில் ஏறுவது 2 வாட்தான். மீதி 98 வாட் காயிலையும் மண்ணையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. அதே கம்பியின் கதிர்வீச்சுத் தடை 14 மெகாஹெர்ட்ஸில் 5 ஓம் ஆகிவிடுகிறது, இழப்புகளும் குறைகின்றன. பாதிக்குச் சற்றுக் குறைவான சக்தி வெளியே போய்விடும்.

ஆகவே ஆன்டெனா தேர்வை நிர்ணயிப்பது, நீங்கள் பேச வேண்டிய மிகக் குறைந்த அதிர்வெண். பகல் உச்சியில் தொலைதூரத்துக்கு 8 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உதவும். பகலில் கீழ் அதிர்வெண்களை அயனி மண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்த பின் மேல் அதிர்வெண்கள் அடங்கி, 5.455ம் 3.995ம் கைகொடுக்கும். பயணத்தில் அன்றைய இடத்தைத் தளத்துக்குத் தெரிவிப்பது பெரும்பாலும் முகாம் போட்ட பிறகுதான். ஆன்டெனா மிகவும் திணறுகிற நேரமும் அதுவே.

ஒற்றை அலைவரிசைச் சுருள் கம்பி

கண்ணாடியிழைத் தண்டின் மேல் கம்பியைச் சுற்றி, ஒரே ஒரு அதிர்வெண்ணுக்குச் செய்தது இது. எடை குறைவு, விலை குறைவு, கெட்டுப்போகும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அலைவரிசை மாற வேண்டுமானால் கம்பியையே கழற்றி மாற்ற வேண்டும். நான்கைந்து அலைவரிசை தேவைப்படுகிறவருக்கு நான்கைந்து கம்பிகள், அவற்றை வைக்கக் கூரையில் ஒரு குழாய், காற்றிலும் இருட்டிலும் ஸ்பேனரோடு ஒரு வேலை. எப்போதும் ஒரே குழுவோடு ஒரே அலைவரிசையில் பேசுகிறவர்களுக்கும், பழுதானால் மாற்றாக ஒன்று வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பல முனைக் கம்பி

அவுட்பேக்கர் என்ற பெயரில் ஆஸ்திரேலியர்களுக்குப் பழக்கமான வகை. ஒரே தண்டில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு துளை. குட்டி ஒயர் ஒன்றைத் துளை மாற்றிச் செருகினால் அலைவரிசை மாறும். வண்டியை நிறுத்தி இறங்கித்தான் மாற்ற வேண்டும். ரேடியோ பல அலைவரிசைகளை வரிசையாகத் துழாவிக் கேட்கும்போது, செருகியிருக்கும் ஒன்றைத் தவிர மற்றவற்றில் காது மந்தமாகிவிடும். பின்னாலிருந்து யாராவது கூப்பிடக்கூடும் என்று எதிர்பார்க்கிற பயணத்தில் இது பெரிய குறை.

ஆனால் முகாமில் நின்று 5.455இல் பேசியபோது, நான் பார்த்த வண்டி ஆன்டெனாக்களில் எட்டத்தில் கேட்பவர் தெளிவாக இருக்கிறது என்று சொன்னது இதைத்தான். காரணம் உயரம். இந்த அளவுக் கம்பிகளில் நீளம் இரட்டிப்பானால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகும். காயில் அடியில் குவியாமல் தண்டு நெடுகப் பரவியிருப்பதும் உதவுகிறது. துளைகளில் புழுதி அடையும், துடைத்து வையுங்கள். அந்தக் குட்டி ஒயர் தொலைந்தால் ஆன்டெனாவே ஊமை. மாற்று ஒயர் இரண்டு கையுறைப் பெட்டியில் இருக்கட்டும்.

தானே ஒத்திசையும் ஆன்டெனா

தடித்த உருளைக்குள் காயிலும் மோட்டாரும் மின்னணுச் சுற்றும், மேலே எஃகுக் கம்பி. அலைவரிசையை மாற்றி பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் தானே ஒத்திசைந்துகொள்ளும். இருக்கையை விட்டு இறங்க வேண்டாம். வண்டி ஓடும்போதே கூட வருகிறவர் வேலையை முடித்துவிடலாம். துழாவிக் கேட்பதற்கென்று தனிப் பெருக்கி உள்ள மாடல்களும் உண்டு. வசதியில் இதற்கு இணை இல்லை.

இதற்கான விலை பணத்தில் மட்டும் இல்லை. எடை சில கிலோ. ஓடை அலைபோல வரிவரியாகக் கிடக்கும் மண்சாலையில் மணிக்கணக்காக அதிரும்போது அந்த எடை முழுவதும் பொருத்திய தகட்டில் இறங்குகிறது. தகடு தடிமனாகவும், மேலே இன்னொரு பிடிமானத்தோடும் இருக்க வேண்டும். மோட்டாரோ ரிலேவோ நின்றுவிட்டால் பாலைவனத்தில் பழுது பார்க்க முடியாது. பழையதாக வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரு நிறுவனத்தின் ஆன்டெனா இன்னொரு நிறுவனத்தின் ரேடியோவோடு பேசிக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுப்பாட்டு ஒயரின் இணைப்பு முறை வேறுபடும்.

8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இதற்கும் பல முனைக் கம்பிக்கும் காதில் வித்தியாசம் தெரியவில்லை. 4 மெகாஹெர்ட்ஸை நெருங்க நெருங்க, காயில் அடியிலேயே இருப்பதன் இழப்பு தெரிந்தது.

எர்த் சரியில்லாவிட்டால் எதுவும் சரியில்லை

குட்டை ஆன்டெனாவுக்கு மறுபாதி வண்டியின் உடல்தான். வாய்க்காலில் விட்ட தண்ணீர் வரப்பு ஓட்டையில் கசிந்து வயலுக்குப் போகாமல் நிற்பதுபோல, மோசமான எர்த்தில் ரேடியோவின் சக்தி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. முன்பக்க புல் பாரில் ஆன்டெனாவை வைப்பது வழக்கம். அந்த புல் பார் பெயின்டுக்கு மேல் போல்ட் போட்டு நிற்கலாம், அலுமினியமாக இருக்கலாம், ரப்பர் பதித்திருக்கலாம். இரும்பு இரும்பைத் தொடுகிறது என்பதால் மின்சாரம் பாயும் என்று பொருளில்லை. பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, அகலமான செம்புப் பின்னல் பட்டையால் புல் பாரைச் சேஸியோடு இணைக்க வேண்டும். அப்படியே பானட், கேபின், பின் தட்டு, சைலன்ஸர் குழாய் என்று ஒவ்வொன்றையும் குட்டையான பட்டைகளால் பிணைக்க வேண்டும். பின்கதவில் திறந்து மூடும் ஸ்டெப்னி தாங்கியில் ஆன்டெனாவை வைத்தால், கீலை நம்பாதீர்கள். அதைத் தாண்டிப் பட்டை போடுங்கள்.

இதில் இரட்டைப் பலன். சைலன்ஸர் குழாயைப் பிணைத்ததும் ரேடியோவில் கேட்கும் எஞ்சின் இரைச்சலும் இறங்குகிறது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஃபிரிட்ஜ், சோலார் சார்ஜர், எல்ஈடி விளக்குப் பட்டை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் குரல் கேட்காவிட்டால் நாம் எத்தனை வாட்டில் அனுப்பியும் பயனில்லை.

மீட்டர் சொல்வதை எப்படிப் படிப்பது

கடைக்காரர்கள், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைக் காட்டி, முள் 1.1இல் நிற்கிறது, அருமையான ஆன்டெனா என்பார்கள். அது பாதி உண்மை. ரேடியோவிலிருந்து சக்தி வெளியே போகிறது என்றுதான் மீட்டர் சொல்லும்; அது காற்றுக்குப் போகிறதா மண்ணுக்குப் போகிறதா என்று சொல்லாது. சோதனைக்கு வைக்கும் 50 ஓம் டம்மி லோடும் 1.0 காட்டும், அதிலிருந்து குரல் எங்கும் போகாது.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எர்த்தில் மொத்தத் தடை சுமார் 18 ஓம். பொருத்தம் எதுவும் போடாவிட்டால் மீட்டர் 2.8 காட்டும். எர்த் கெட்டு இழப்பு 40 ஓம் ஆனால் மொத்தம் 50ஐ நெருங்கி மீட்டர் கிட்டத்தட்ட 1.0 காட்டும்; காற்றில் ஏறும் சக்தி 1 வாட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். பட்டைகள் போட்டதும் மீட்டர் மோசமாகிறதே என்று பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. அதன் பிறகு அடியில் பொருத்தும் சிறு காயிலோ மின்மாற்றியோ கொண்டு 50 ஓமுக்குக் கொண்டுவரலாம். குட்டை ஆன்டெனா ஒன்று அகலமான அலைப்பரப்பில் நல்ல எண் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். இழப்பு குறைந்த ஆன்டெனா ஒத்திசைந்த இடத்துக்கு இருபுறமும் சட்டென்று விலகும்.

உண்மையான ஒப்பீட்டுக்குத் தூரத்தில் கேட்கும் ஒருவர் வேண்டும். ஒரே இடத்தில் நின்று ஆன்டெனாக்களை விரைவாக மாற்றி, பலமுறை கேட்டு முடிவுக்கு வர வேண்டும். அயனி மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஊரிலிருக்கும்போது இணையத்தில் திறந்திருக்கும் பொது ரிசீவர்களில் நம் குரலை நாமே கேட்டுப் பார்க்கலாம்.

முகாமில் ஒரு கம்பி

இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் மிஞ்சியது, ஆன்டெனா அடியில் இணைத்து மரத்தில் கட்டிய சாதாரண மின் ஒயர். 5.455க்கு 13.7 மீட்டர் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒத்திசைக்க வேண்டும். 9.3 மீட்டரில் ஒரு துண்டிப்பும் கிளிப்பும் வைத்தால் அதே ஒயர் 8.022க்கும் ஆகும். காயிலே இல்லை, ஆகவே காயில் இழப்பும் இல்லை. தாழக் கிடைமட்டமாகக் கட்டினால் அலை நேராக மேலே போய்க் கீழே இறங்கும். நிற்கும் கம்பி தலைக்கு மேலே அனுப்பாது. அதனால் 100 முதல் 400 கிலோமீட்டர் வரை உள்ளவர்களை அது தவறவிடுவதுண்டு. இந்த ஒயர் அவர்களைப் பிடிக்கும்.

பேசும்போது எந்த ஆன்டெனாவையும் யாரும் தொடக் கூடாது. 100 வாட்டில் குட்டைக் கம்பியின் அடியில் 3,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், தோல் வெந்துவிடும். மின்கம்பிகளுக்குக் கீழே ஒயர் கட்டாதீர்கள். இடி வந்தால் கழற்றிவிடுங்கள்.

யாருக்கு எது

கூட்டமாகப் போய், ஓடும்போதே அழைப்புகளை எதிர்பார்த்து, அலைவரிசை அடிக்கடி மாற்றுகிறவர்கள் தானே ஒத்திசையும் ஆன்டெனாவை வாங்கலாம். பொருத்தும் தகட்டுக்கு அதே அக்கறை காட்ட வேண்டும். நின்று பேசுவதே போதும், எதையும் நாமே பழுது பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பல முனைக் கம்பிதான் என் தேர்வு. மரக்கிளைகள் உரசும் கேப் யார்க் தடங்களுக்கு எதுவானாலும் கம்பியை எளிதாகக் கழற்ற முடிய வேண்டும். சிம்சனில் கட்டாயமான மணல்மேட்டுக் கொடிக்குத் தனிக் கம்பம் வையுங்கள். ஆன்டெனாவில் கட்டினால் அதிர்வில் அது முறியும்.

எந்த ஆன்டெனாவை எடுத்தாலும், செலவு செய்யும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் எர்த் பட்டைகளும் உறுதியான தகடும், அடுத்து முகாமுக்கான ஒயர், கடைசியில்தான் விலை உயர்ந்த ஆன்டெனா. வரிசை தலைகீழானால் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மண்ணைத்தான் சூடாக்குவோம். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலிருந்து, நீங்கள் நம்பியிருக்கப் போகும் மிகக் குறைந்த அதிர்வெண்ணில், இருட்டிய பிறகு ஒரு தளத்தைக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கிருந்து பதில் வரும்வரை வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.