அன்பர்களா? அடியார்களா?

ஒப்பமிட்டது கையா, கருவியா? 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு இசைச் சுவைஞர்கள் எழுப்பிய கேள்வி இது. பாவலரும் பாடகருமான பாப் டிலன், பிறர் பாடிப் புகழ்பெற்ற 66 பாடல்களைக் குறித்து எழுதிய நூலொன்று அப்போது வெளிவந்தது. அதில் 900 படிகளில் அவர் தம் கைப்படவே ஒப்பமிட்டிருக்கிறார் என்று பதிப்பகத்தார் பறைசாற்றினர். படியொன்றுக்கு 599 டாலர் விலை வைத்தனர். ஐயுறுவோர் வாயடைக்க உறுதிக் கடிதம் ஒன்றையும் உள்ளே இட்டனர். வாங்கியோர் என்ன செய்தனர்? கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் பூட்டினரா? இல்லை. ஒருவர் படியை மற்றவர் படியோடு ஒப்பிட்டனர். ஒரே பெயரை ஒரே மனிதன் இருமுறை எழுதினும், எங்கோ ஒரு கோடு நீளும், எங்கோ ஒரு வளைவு குறுகும். இங்கோ படிக்குப் படி அச்சில் வார்த்ததுபோல் ஒப்பம் ஒத்திருந்தது! சில நாட்களிலேயே பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019 முதல் தமக்கிருந்த தலைச்சுற்றலையும் பெருந்தொற்றுக் காலத்தின் இடர்ப்பாட்டையும் எடுத்துக்கூறி, ஒப்பமிடும் கருவியைப் பயன்படுத்தியது தவறே என்று டிலனும் ஒப்புக்கொண்டார்.

இதனைக் கண்டுபிடித்தவர் பகைவரல்லர் என்பதுதான் நம்மைக் கவர்ந்தது. 599 டாலர் கொடுத்து வாங்கும் அளவுக்கு அவரிடம் நெஞ்சைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். காதல் இருந்தது, கண்ணும் இருந்தது. இறைவன் எழுதித் தந்த பாட்டே ஆயினும் பொருட்குற்றம் கண்ட நக்கீரன் கதையை நாம் அறிவோம். கதை கதையாகவே இருக்கட்டும். அந்தத் துணிவு, தாம் போற்றும் ஒருவரிடமே காட்டப்படுகையில் அதற்குத் தனி மதிப்புண்டு. டிலன் பாடல்களைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய சுவைஞர்கள் பேசிவரும் பேச்சை எடைபோட, இந்த நிகழ்ச்சியையே நாம் தராசாகக் கொள்கிறோம்.

1941இல் பிறந்து, மினசோட்டா மாநிலத்து இரும்புச் சுரங்க ஊராகிய ஹிப்பிங்கில் வளர்ந்தவர் டிலன். 1961 தொடக்கத்தில், இருபது வயதும் நிரம்பாத நிலையில், கிடாரும் கையுமாக நியூயார்க் வந்து சேர்ந்தார். உழைப்பாளர் துயரைப் பாடிய உட்டி கத்ரி நோய்ப்படுக்கையில் இருந்தார். அவரைத் தேடிச் சென்று கண்டார். இவை பலரும் அறிந்தவை. நாம் நின்று நோக்க விரும்புவது 1963ஐ.

அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ், தம் வீட்டு வாயிலிலேயே முதுகில் சுடப்பட்டு மாண்டார். ஜூலை 6ஆம் நாள், அதே மாநிலத்துக் கிரீன்வுட் எனும் ஊரில், வாக்குரிமைக்காகக் கறுப்பின மக்கள் கூடிய வயல்வெளியில், டிலன் அக்கொலையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். கொன்றவனைக் கொடியவன் என்று தூற்றிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கொன்றவன் ஓர் ஏழை வெள்ளையன். "உன் தோல் வெள்ளை, நீ உயர்ந்தவன்" என்று அவனுக்குப் போதித்து, அவன் வயிற்றுப் பசியை மறக்கடித்து, அவன் கையில் துப்பாக்கியைத் திணித்தவர்கள் வேறு. அவன் அவர்களுடைய ஆட்டத்தில் வெறும் காய் என்று பாடினார். ஆகஸ்ட் 28இல், வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் முழங்கிய அதே மேடையிலும் இப்பாட்டு ஒலித்தது.

சுவைஞர்கள் இப்பாட்டின்மீது தொடுக்கும் வழக்கு கூர்மையானது. "கொலைகாரனைக் காய் என்றால், அவன் குற்றம் கழிந்துவிடாதா?" என்று கேட்கின்றனர் ஒரு சாரார். நியாயமான கேள்வி. 1964இல் இருமுறை வழக்கு நடந்தும், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு தப்பித் திரிந்தவனைக் காய் என்று விட்டுவிடலாமா? விடலாகாது. ஆனால் அவனை முப்பது ஆண்டு தப்பவிட்டது யார்? ஆட்டக்காரர்கள்! பாட்டு சுட்டிய விரல் சரியான திசையில்தான் நீண்டது என்பது நம் துணிபு. இத்தகைய வழக்காடல்தான் திறனாய்வு. பாட்டை வாழ்வோடு உரைத்துப் பார்க்கிறது. பாடியவனைக் கேள்வி கேட்கிறது. விடையைப் பாட்டிற்குள்ளேயே தேடுகிறது.

இனி மறுபக்கம்.

1965 ஜூலை 25. நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா. மின்கிடாரும் முரசும் முழங்கும் குழுவோடு டிலன் மேடையேறினார். கூச்சல் எழுந்தது. எதற்காக? மின்கிடார் பிடிக்காமல் என்பர் சிலர். ஒலியமைப்பு கெட்டுச் சொல் விளங்காமற் போனதால் என்பர் சிலர். மூன்றே பாட்டோடு குழு இறங்கிவிட்டதால் என்பாரும் உளர். ஒலிப்பதிவை ஓட்டி ஓட்டிக் கேட்டு இன்றளவும் வழக்காடுகின்றனர். ஆனால் மறு ஆண்டு, 1966 மே 17இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்ததற்கு இரு பொருள் இல்லை. முற்பாதி தனிக் கிடார், பிற்பாதி மின்னிசை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் "யூதாஸ்!" என்று கத்தியது.

ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர் யூதாஸ். ஒரு பாடகன் கிடாரை மாற்றியதற்கு இந்தப் பெயரா? காட்டிக்கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமானால், காட்டிக்கொடுக்கப்பட்ட கடவுள் ஒன்று இருந்தாக வேண்டுமே! ஆம், இருந்தது. மரக்கிடார் புனிதம், மின்கிடார் தீட்டு. சமத்துவம் பேசிய முற்போக்காளர் மன்றங்களுக்குள்ளேயே நாட்டுப்பாடல் ஒரு கோயிலாகிவிட்டிருந்தது. இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞனை அதற்குப் பூசாரியாக்கிவிட்டிருந்தனர். பூசாரி வெளியேறினான், பக்தர் கதறினர். அந்தக் கதறலில் இசை பற்றிய கருத்து ஒன்றுமில்லை. நம்மைப் போன்றோருக்கு இது கசப்பான செய்திதான். கொள்கை நம்முடையதாக இருப்பதாலேயே குருட்டுத்தனம் நம்மை அண்டாது என்று எண்ணுவதற்கில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரவின் ஒலிநாடா, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பதிவானது என்ற பொய்ப்பெயரோடு நெடுங்காலம் கைமாறி வந்தது. லண்டன் அன்று, மான்செஸ்டர் என்று நிறுவியது சுவைஞர்களின் ஆராய்ச்சி. 1998இல் இசைத்தட்டு முறையாக வெளிவந்தபோது, பழைய பெயரையே மேற்கோள் குறிக்குள் போட்டு வைத்தது நிறுவனம்! "யூதாஸ் என்று கத்தியவன் நானே" என்று பின்னாளில் இருவர் உரிமை கொண்டாடினர். வசைக்கும் உரிமைப்போர்!

அடியார் கூட்டத்தில் கோமாளிகளும் உண்டு. 1970 வாக்கில் ஓர் ஆர்வலர், டிலன் வீட்டு வாயிற் குப்பைத் தொட்டியைக் கிளறி, அதில் கிடைத்த தாளையும் துணியையும் கொண்டு பாடல்களுக்கு உட்பொருள் உரைக்க முற்பட்டார். சிரித்துவிட்டு மேலே செல்வோம். ஆயினும், சொல்லில் இல்லாத பொருளைச் சொல்லில் ஏற்றி, "ஞானக்கண் பெற்றோர்க்கே விளங்கும்" என்று கண்மூடும் உரையாசிரியர்கள், குப்பையைக் கிளறாத கூட்டத்திலும் ஏராளம். மோசமான இசைத்தட்டு வந்தால், "நம்மைச் சோதிக்கவே வெளியிட்டார்" என்பர். எல்லாம் அவன் திருவிளையாடல்!

சோதனை மெய்யாகவே வந்தது 1979இல். ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் விவிலிய வகுப்பில் சேர்ந்த டிலன், ஆகஸ்டில் கிறித்தவப் பாடல்களே நிறைந்த இசைத்தட்டை வெளியிட்டார். நவம்பரில், சான்பிரான்சிஸ்கோ அரங்கில் 14 நிகழ்ச்சிகள். பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டிடையே உலகம் அழியப்போகிறது என்ற உபதேசம் வேறு. எந்த டிலன்? தத்தம் பக்கமே கடவுள் நிற்பதாகச் சொல்லிச் சொல்லி நாடுகள் நடத்திய கொலைகளை அடுக்கி, 1964இல் வெளிவந்த இசைத்தட்டில் கேள்வி எழுப்பிய அதே டிலன்!

சுவைஞர்கள் சிதறினர். எழுந்து போனோர் ஒரு பிரிவினர். "அவர் சொன்னால் சரி" என்று தாமும் தொழத் தொடங்கியோர் மற்றொரு பிரிவினர். முதற் பிரிவினர் பக்கம் நம் நெஞ்சு சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் கற்றுக்கொண்டது மூன்றாம் பிரிவினரிடம். அவர்கள் இருக்கையை விட்டு எழவுமில்லை, கைகூப்பவுமில்லை, கேட்டார்கள்.

கேட்டபோது என்ன கண்டார்கள்? அந்த இசைத்தட்டு அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸில் உருவானது. அதனை உருவாக்கித் தந்த இருவருள் ஒருவர், ரே சார்லஸ், அரீதா பிராங்ளின் ஆகியோரின் புகழ்மிக்க இசைத்தட்டுகளுக்குத் துணைநின்ற ஜெர்ரி வெக்ஸ்லர். டிலன் அவரிடமும் மதம் பேசினார். தாம் நாத்திகர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெக்ஸ்லர் வேலையைப் பார்த்தார்! பக்திப் பாடல்களை நாத்திகர் செதுக்கினார். தாளம் கெடவில்லை, குரல் கெடவில்லை. டிலன் குரல் அதுபோல் சுடர்விட்ட காலங்கள் குறைவு. அப்படியானால் கெட்டது எது? சொல். கேட்போனுக்கு நேரே விரல் நீட்டி, நீ ஏதேனும் ஒருவருக்கு அடிமைப்பட்டே தீரவேண்டும் என்று அடித்துக் கூறும் பாட்டில் வாதமே இல்லை, மிரட்டல்தான் இருக்கிறது. பீட்டில்ஸ் புகழ் ஜான் லென்னன் சினந்து, உனக்கு நீயே தொண்டு செய் என்று மறுபாட்டுக் கட்டிப் பதிந்து வைத்தார். அவர் மறைந்து பல்லாண்டு கழித்து, 1998இல் அது வெளிவந்தது.

ஆனால் 1981இல், மணல்துகளைப் பற்றி டிலன் பாடிய பாட்டொன்று உண்டு. அதுவும் பக்திப் பாட்டுத்தான். அங்கே மிரட்டல் இல்லை. துணை உண்டோ இல்லையோ என்று மனிதன் ஒருவன் தனிமையில் நடுங்கும் நடுக்கம் இருக்கிறது. கடவுளை ஏற்காத சுவைஞர் பலரும் அதனைத் தலைசிறந்த பாடல்களுள் வைக்கின்றனர். அவர்தம் முடிவை நாம் ஏற்கிறோம். ஐயத்தைப் பாடியபோது கலை உயர்ந்தது. ஐயத்தைக் கொன்றபோது தாழ்ந்தது. இதை எந்த மேடைப் பேச்சாளரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பாட்டுக்குப் பாட்டு வைத்து அவர்களே கண்டது.

பொருள் உரிமையைப் பற்றியும் அவர்கள் வாளா இருக்கவில்லை. 2001இல் வெளிவந்த இசைத்தட்டின் வரிகள் சில, ஜப்பானிய மருத்துவர் ஜூனிச்சி சாகா எழுதிய நூலின் ஆங்கில வடிவத்தோடு ஒத்திருப்பதை 2003இல் ஒரு சுவைஞரே கண்டு வெளியிட்டார். சாகா மகிழ்ச்சியே தெரிவித்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. "நாட்டுப்பாடல் மரபே கைமாற்றுத்தானே" என்று டிலனுக்காக வாதிடுவோர் உண்டு. மரபு அப்படித்தான். டிலனுக்கு உலகப் புகழ் தந்த, காற்றில் விடை தேடும் அப்பாட்டின் மெட்டே, ஏலச் சந்தையில் விற்கப்பட்ட கறுப்பின அடிமைகள் விடுதலை நாடிப் பாடிய பழம்பாட்டிலிருந்து எழுந்தது; அதனை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் பொதுக்கிணற்றில் நீர் மொண்டவர், 2020 டிசம்பரில், 600க்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமையைப் பெரும் இசை நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அந்த அடிமைகளுக்குப் பெயருமில்லை, பங்குமில்லை. சட்டம் அவரைக் குறை கூறாது. நாம் கூறுகிறோம், கூறிக்கொண்டே அப்பாட்டைக் கேட்கவும் செய்கிறோம். 2016இல் நோபல் பரிசு வந்தபோது ஆடிப்பாடியவர்களிடம் இக்கேள்வியை எழுப்பினால், சிலர் முகம் சுளிக்கின்றனர்.

முகம் சுளிப்போருக்கு ஒரு செய்தி சொல்லலாம். 1983இல், ஜார்ஜியாவின் பார்வையற்ற புளூஸ் பாடகர் வில்லி மெக்டெல்லின் பெயரால், அடிமை வாணிபத்தின் நிழல் படிந்த தென்மாநிலங்களைப் பற்றி டிலன் ஒரு பாட்டுக் கட்டினார். அவர் பியானோ வாசிக்க, மார்க் நாப்லர் கிடார் இசைக்கப் பதிவான பாட்டு அது. இசைத்தட்டு வெளிவந்தபோது அப்பாட்டு அதில் இல்லை, டிலன் நீக்கிவிட்டிருந்தார். ஒலிநாடா எப்படியோ வெளியேறிக் கைமாறியது. கேட்டவர்கள் வியந்தனர், பிறகு சினந்தனர். படைத்தவர் விலக்கியதைச் சிறந்தது என்று சொல்ல நமக்கென்ன தகுதி என்று அவர்கள் அடங்கிவிடவில்லை. நீக்கியது பிழை என்றனர், எழுதினர், ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 1991இல் அப்பாட்டு இசைத்தட்டில் வெளிவந்தது. டிலனின் பழைய தோழர்களாகிய 'தி பேண்ட்' குழுவினரும் 1993இல் அதனைப் பாடிப் பதிந்தனர். 1997 முதல், தாம் ஒருகால் வேண்டாமென்று ஒதுக்கிய அப்பாட்டை, டிலனே மேடையில் நின்று பாடலானார்.