ஐ.ஆர்.க்யூ மேல் பழி போடுவதற்கு முன்னால்

கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றால் இரண்டு தீர்ப்புகள்தான் காதில் விழும். கடைக்காரர் சொல்வது: "ஃபார்மேட் போட்டுடலாம் சார்." கொஞ்சம் படித்தவர் சொல்வது: "ஐ.ஆர்.க்யூ மோதல்." முதலாவது சோம்பேறித்தனம். இரண்டாவது ஒரு காலத்தில் சரியாக இருந்தது, இன்னைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில், சாதனங்கள் பிராசஸரை அழைக்க எட்டு இன்டரப்ட் லைன்கள் இருந்தன. 1984-ன் ஏடி மாடலில் இன்னொரு 8259 சிப் சேர்ந்தது. இரண்டையும் இணைக்க ஒரு லைன் போக, மிச்சம் 15. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் ஒரே லைனைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாதவை. காம்1, காம்3 இரண்டுக்குமே எண் 4. ஒன்றில் மவுஸ், மற்றதில் மோடம் இருந்தால் டயல் செய்ததும் மவுஸ் நின்றுவிடும். அது நிஜமான மோதல்.

1992-ல் வந்த பிசிஐ, லைனைப் பகிர்வதையே விதியாக்கியது. ஆகவே, டிவைஸ் மேனேஜரில் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் இருப்பதைப் பார்த்ததும் "கண்டுபிடிச்சிட்டேன்" என்று குதிப்பது தப்பு.

அப்போ எது கோளாறு? நாலு போர்ஷனுக்கு ஒரே காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது போய்க் கதவைத் திறக்கும் வரை வந்தவர் பெல்லில் இருந்து கையை எடுக்க மாட்டார். எல்லோரும் "நமக்கில்லை" என்று உட்கார்ந்துவிட்டால்? பிராசஸர் அந்தச் சத்தத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும், திரை உறையும். குற்றவாளி எண் அல்ல. பதில் சொல்லாத டிரைவர் அல்லது கெட்டுப்போன கார்டு. லினக்ஸ் இதைக் கணக்கு வைக்கிறது: 1,00,000 அழைப்புகளில் 99,900-ஐ யாரும் ஏற்கவில்லை என்றால், 'நோபடி கேர்டு' என்று பதிவு செய்து அந்த லைனையே மூடிவிடும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்கள் பெரும்பாலும் தனி லைன் இல்லாமல் செய்தியாகவே அழைப்பை அனுப்புவதால் இந்தச் சிக்கல் இன்னும் அபூர்வம்.

திருவண்ணாமலை மாதிரி ஊரில் பௌர்ணமிக்கு முந்தின நாள் ஒரு டிடிபி கடை மெஷின் நின்றால், ஃபார்மேட் என்பது டெஸ்க்டாப்பில் கிடக்கும் அத்தனை பேருடைய நோட்டீஸையும் அழிப்பது. கார்டு கெட்டிருந்தால் அதற்குப் பிறகும் மெஷின் நிற்கத்தான் செய்யும். அதனால் முதலில் ஃபைல்களை பென்டிரைவில் எடுங்க. யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்க. கடைசியாகச் சேர்த்த கார்டு, புதுப்பித்த டிரைவர், பயாஸ் பதிப்பு, சூடு, ரேம், ஹார்டு டிஸ்க் என்று வரிசையாகப் போங்க. டிவைஸ் மேனேஜரில் 'கோட் 12' என்று வந்தால் மட்டும், சாதனத்துக்கு வேண்டிய ரிசோர்ஸ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மோதல் பற்றிய பேச்சை அப்போது எடுத்தால் போதும்.