கொள்ளைநோய்க் காலக் குடிபெயர்வும் இலக்கிய நோக்கும்

புதுவாழ்வு தேடிக் கடல்கடந்தோரைப் பற்றிய எழுத்துக்களில் நோய் பெறும் இடம் யாது? 2020ஆம் ஆண்டின் கொவிட் பெருந்தொற்றுக்குப் பின்னர் இவ்வினா புதிய அழுத்தம் பெற்றுள்ளது. எனினும், நோயும் குடிபெயர்வும் ஒருங்கே நிகழ்ந்தமை நமக்குப் புதிதன்று. மலையக மக்களின் வருகை வரலாறே அதற்குச் சான்று. அவ்வரலாற்றை நம் படைப்பாளிகள் நோக்கிய விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1817 முதல் 1923 வரை கொலரா ஆறு முறை உலகப் பெருந்தொற்றாகப் பரவிற்று. இக்காலப்பகுதியிலேயே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியக் கிராமத்தவர் அழைத்துவரப்பட்டனர். தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கியோர் மாத்தளையை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். கொலராவும் மலேரியாவும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர் மண்டபம் முகாம் இப்பயணத்தின் வாயிலாயிற்று. அங்குத் தொழிலாளர் நாட்கணக்கிற் தடுத்துவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குட்பட்ட பின்னரே கடல்கடக்க விடப்பட்டனர்.

இந்நடைமுறைக்கு மருத்துவ நியாயம் இல்லையெனக் கூறவியலாது. ஆயினும், அதனுள் ஒரு கருத்துநிலை பொதிந்திருந்தமையை அவதானித்தல் வேண்டும். நோய் தொழிலாளியின் உடலோடு வருவது. தோட்டம் அதனின்றும் காக்கப்பட வேண்டியது என்பதே அக்கருத்துநிலை. அவனைப் பிறந்த ஊரினின்றும் பெயர்த்த வறுமையும், 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனைக் கடனிற் பிணித்து வைத்திருந்த ‘துண்டு’ முறையும் எவ்வைத்தியனின் சோதனைக்கும் உட்படவில்லை.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) இக்கருத்துநிலையைத் தலைகீழாக்குகின்றது என்பதே எமது துணிபு. மருதி நோயைச் சுமந்து தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டத்து அதிகாரத்தின் பாலியற் சுரண்டலே அவளை நோயாளியாக்குகின்றது. மண்டபத்திற் சோதிக்கப்பட்ட உடல், அச்சோதனை யாருக்காக நடத்தப்பட்டதோ அவர்களாலேயே கெடுக்கப்படுகின்றது. கதையின் வலிமை இம்முரணிலேதான் உள்ளது. அதேவேளை அதன் எல்லையும் நோக்கத்தக்கது. துன்பம் ஒருத்தியின் வீழ்ச்சியாகவே குவிவதால், அவளையொத்த ஆயிரவர் கூட்டாக உழைத்து வாழ்ந்த வாழ்வு பின்னணியாகவே நின்றுவிடுகின்றது.

இக்குறையை வேறுவகையில் ஈடுசெய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கல்லறையின்றித் தேயிலைச் செடிகளின் கீழே மடிந்து கிடப்போரை அவரது கவிதை ஒரு மக்கட் கூட்டமாகவே நினைவுகூர்கின்றது. கோகிலம் சுப்பையாவின் நாவலோ ‘தூரத்துப் பச்சை’ (1964) என்ற தலைப்பினாலேயே புதுவாழ்வு பற்றிய ஆசையையும் அதன் ஏமாற்றத்தையும் ஒருசேரச் சுட்டுகின்றது. இவர்களிடத்து மரணம் விதியன்று. அதற்குச் சமூகக் காரணம் உண்டு.

இம்மரபினின்றும் இன்றைய எழுத்து கற்கவேண்டியது யாது? 2020 மார்ச்சில் விமானப் போக்குவரத்து முடங்கியபோது மத்திய கிழக்கிற் தொழில்புரிந்த நம் நாட்டவர் பலர் திரும்ப வழியின்றித் தவித்தனர். 2022இல் பொருளாதார நெருக்கடியினாற் படகேறித் தமிழகம் சென்றோர் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்திலேதான். எனினும், நம் பார்வைக்கு எட்டிய பெருந்தொற்றுக் காலக் கவிதைகளிற் பெரும்பாலானவை பூட்டிய அறையின் தனிமையையே பாடின. அத்தனிமை பொய்யன்று. ஆனால், வீட்டுக்குள் இருக்க வசதி பெற்றோரின் அனுபவத்தை மட்டும் மானுட அனுபவமென வரையறுப்பது வர்க்கச் சார்பேயாகும்.

நோயைக் குறியீடாக்கி அமைதி காண்பது எளிது. நோய்க்கிடையிலும் ஒருவனைப் பயணப்பட வைத்தது எது, அப்பயணத்தாற் பயனடைந்தோர் யாவர் என வினவுவதே கடினமானது. ‘துன்பக்கேணி’ அவ்வினாவை எழுப்பி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதனைக் கூட்டு வாழ்வின் தளத்துக்கு விரித்துச் செல்லும் பொறுப்பு நம் தலைமுறை எழுத்தாளருக்கு உரியதாகும்.