மூன்று புள்ளிப் பிடிமானம்

மதுராந்தகம் ஏரிப் பாசன வயலையும் மாமல்லபுரம் பக்கத்து மணல் கொல்லையையும் ஒரே பழைய மாஸி 1035 டிராக்டர் உழுதுவிடும், கலப்பையைப் பொருத்தத் தெரிந்த கை அமைந்தால். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி அது. அதன் பின்புறத்து மூன்று புள்ளி இணைப்பு, ஹாரி பெர்குசன் 1936-ல் டிராக்டரில் விற்பனைக்குக் கொண்டுவந்த அற்புதம். கலப்பை மண்ணில் இழுபடும்போது மேல்கையான டாப் லிங்க் அழுந்தும். உடனே ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும். பாரம் பின்சக்கரத்தில் இறங்கிப் பிடி கிடைக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேலை!

பொருத்தம், கைகளில் கலப்பையை மாட்டும் பின்னில் தொடங்குகிறது. சின்ன வண்டிக்குக் கீழ்க்கை பின் 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிக்கு 28. சின்னப் பின்னைப் பெரிய துளையில் மாட்டினால் கலப்பை ஆடும், சால் கோணும். நல்ல மெக்கானிக் புஷ் போட்டுத்தான் அனுப்புவார். மாஸி 1035-க்கு ஒன்பது கொத்துக் கலப்பை சரி. மூன்று சட்டிக் கலப்பை அதிகம்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களே, பெயிண்டைப் பிறகு பாருங்கள். முதலில் கீழ்க்கைகளை ஆட்டிப் பாருங்கள்.