முதலில் திருத்தப்படும் தாள்

ஒரு கலைக் கல்லூரியின் ரசனை என்னவென்று தெரிய அதன் பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டியதில்லை, நுழைவுத் தேர்வைப் பார்த்தால் போதும். யாரை உள்ளே விடுகிறது என்பதில் அது தன் மனதை ஒளிக்காமல் காட்டிவிடும். "பையன் நல்லா வரையுறான், டிசைன் படிக்க வைக்கலாமா?" என்று யாராவது என்னிடம் கேட்கும்போதெல்லாம் வினாத்தாள்களைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

ஐஐடிகளின் பி.டெஸ். படிப்புக்கான யூசீட் தேர்வு 2015இல் தொடங்கியது. மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் கணினியில், ஒரு மணி நேரம் தாளில் படம் வரைய. கணினிப் பகுதியில் காகிதத்தை மடிப்பார்கள், பகடையை உருட்டுவார்கள், பற்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகளின் ஆப்டிட்யூட் சுற்றைத் தாண்டி வந்த எவருக்கும் இது பழகிய வாசனை. கேள்விகள் மோசமில்லை, சில அழகாகவே இருக்கும். சிக்கல் வரிசையில் இருக்கிறது: கணினிப் பகுதியில் கட்-ஆஃபைத் தாண்டியவர்களின் ஓவியத் தாள்தான் திருத்தப்படும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் வரைந்ததை யாரும் பார்க்கப்போவதில்லை.

கோடு எழுதுபவனுக்கு இந்த ஏற்பாடு புரியும். செலவு குறைந்த சோதனையை முதலில் வை, அதில் தோற்றால் அடுத்ததற்குப் போகாதே. இரண்டு நிபந்தனைகளும் ஆம், இல்லை என்று மட்டும் பதில் தருபவையானால் வரிசை எப்படி இருந்தாலும் முடிவு மாறாது. யூசீட் அப்படியில்லை. அதன் தரவரிசை இரண்டு பகுதி மதிப்பெண்களின் கூட்டுத்தொகை. பகடையில் கொஞ்சம் சறுக்கி, கோட்டில் அசத்தியிருக்கக்கூடிய ஒருத்தி அந்தக் கூட்டல் நடக்கும் முன்பே வெளியே போய்விடுகிறாள். மிச்சம் பிடிப்பது திருத்துபவரின் நேரம், விலை கொடுப்பது அவள். போதாததற்கு வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்.

எழும்பூர் ஓவியக் கல்லூரி இதற்கு நேரெதிர். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது. ராய் சௌத்ரி, பணிக்கர் காலங்களைக் கண்டது. புத்தக அட்டைகளின் வழியாக நமக்கெல்லாம் தெரிந்த ஆதிமூலம் அங்கே படித்தவர். அங்கே உட்காரவைத்து வரையச் சொல்வார்கள். கையைப் பார்த்து எடுக்கும் முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை ஏற்கெனவே எங்கே பழகியது? பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தேர்வாளரின் கண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது? கணினிக்கு உள்ள ஒரே நல்ல குணம், அதற்கு மனிதர்களைத் தெரியாது.

நடுவில் நிற்கிறது அகமதாபாத்தின் என்ஐடி. 1958இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்து 1961இல் பிறந்தது. அந்த அறிக்கை கொண்டாடிய பொருள் லோட்டா, நம் வீட்டுச் சொம்பு. பல தலைமுறைக் கைகள் சேர்ந்து செய்த வடிவம் அது. என்ஐடி தன் இரண்டாம் கட்டத்தில் ஆட்களை நேரில் வரவழைத்துச் செய்யச் சொல்லிப் பார்த்த மரபு அந்தச் சொம்புக்கு நியாயம் செய்கிறது. ஆனாலும் அங்கே போக முதல் கட்டத்தைத் தாண்டியாக வேண்டும்.

பொறியியல் நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2007இல் கைவிட்டபோது சொன்ன காரணம், அது அளப்பது திறமையை அல்ல, பயிற்சி மையத்தை என்பது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் பொறியியலுக்குள் வந்த தலைமுறை என்னுடையது. நீட்டைப் பற்றி டீக்கடையில்கூட வாதம் நடக்கிறது. டிசைன் தேர்வுகளைப் பற்றி மூச்சே இல்லை. கலை வசதியானவர்கள் விவகாரம் என்று நாமே ஒதுக்கிவிட்டோமோ?

நான் கேட்பது தேர்வை ஒழிக்கச் சொல்லி அல்ல. எழுதிய எல்லோருடைய ஓவியத் தாளையும் ஒரு மனிதர் ஒரு நிமிடமாவது பார்க்கட்டும். ஆள் போதாது, செலவாகும் என்பார்கள். ஆகட்டும். பார்க்கக் கற்றுத்தரும் ஓர் இடம் முதலில் தான் பார்க்க வேண்டாமா?