ஓய்வுக்குப் பின் ஓர் ஏக்கர்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஓய்வுப் பணத்தில் மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் ஓர் ஏக்கர் வாங்கிக் குடிபோகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சு பலருக்குள் விதைத்த ஆசை இது. மதிக்கத்தக்க ஆசை. நாற்காலியிலேயே இறுகிப்போன உடம்பு மண்வெட்டி பிடிக்கிறது. ரசாயனம் படாத கீரை தட்டுக்கு வருகிறது. அறுபதுக்குமேல் ஒருவர் புதிதாக ஒரு தொழில் கற்கிறார். இந்தக் கடைசிப் பயனே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வருமானம் என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை பென்ஷன்தான் நிலத்துக்குச் சோறு போடும்.

வாங்குவதும் இங்கே எளிது. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கக் கர்நாடகத்தில் 2020 வரை இருந்த கட்டுப்பாடுகள் தமிழ்நாட்டில் இல்லை. அதனாலேயே கவனம் கூடுதலாக வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவற்றில் பல விதிகளுக்கு மாறாகப் பிறர் கைக்குப் போய்விட்டன. இன்றைய பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்து வாங்குகிறவர், தெரியாமலே அந்த அநீதியில் பங்காளியாகலாம். நிலத்தின் தொடக்க வகைப்பாடு பதிவான பழைய அ-பதிவேட்டைப் புரட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. இது ஏரிப் பாசன நாடு. மதகு திறந்தால் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்துதான் கீழ்மடைக்குப் போகும். அறுவடை முடிந்த தாளில் ஊர் மாடுகள் மேயும். நடுவில் ஒருவர் கம்பிவேலி போட்டு, கரையை உயர்த்தி, ஆழ்துளைக் கிணறு இறக்கி மாந்தோப்பு வைத்தால் அந்த ஓட்டமும் மேய்ச்சலும் அறுபடுகின்றன. சொந்தக் கிணறு உள்ளவருக்கு வாய்க்கால் தூர்வார வரவேண்டிய அவசியமும் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். ஊரின் நீர்முறையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இழப்பு பக்கத்து நெல் விவசாயிக்கு.

இன்னொன்று முதுமை. அறுபதில் வாங்கும் நிலத்தை எழுபத்தைந்திலும் பார்த்தாக வேண்டும். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதில்லை. இரவில் நெஞ்சு வலித்தால் 108 வண்டி உள்ளூர் மண்பாதையைக் கண்டுபிடித்து வந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மற்றவரால் அங்கே தனியாக இருக்க முடிவதில்லை. பெரும்பாலும் இந்தப் பண்ணை வாழ்வு கணவரின் கனவாகவும் மனைவியின் கூடுதல் வேலையாகவும் இருப்பதை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டும்.

ஆகவே ஓய்வுப் பணத்தில் நிலம் வாங்கிக் குடிபோகும் வழக்கத்தை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. இரண்டு பட்டம் குத்தகைக்கு எடுத்து, ஒரு கோடையையும் ஓர் ஐப்பசி மழையையும் அங்கேயே இருந்து பார்க்கலாம். காய்கறிக்கும் ஒரு கறவைக்கும் முப்பது, நாற்பது சென்ட் போதும். அதுவும் பேருந்து நிற்கும் சாலையோரமாக. மீதி நிலத்தை உழத் தெரிந்தவர் உழட்டும்.